நான் தூக்கிய நீலக் கொடி

என்னை நேர்மையானவன் என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டு சிரித்து வைக்கிறேன்.

தி.நகரில் உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் எங்கள் மளிகைக் கடை. என் அப்பா திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து போட்ட கடை. தராசு முள் நடுவில் நின்ற பிறகும் அவர் ஒரு பிடி துவரம்பருப்பை அள்ளி வாங்குகிறவரின் தட்டில் போடுவார். "தட்டு வாங்குதவன் பக்கந்தான் தாழணும்" என்பார். இப்போது எலெக்ட்ரானிக் தராசு வந்துவிட்டது. திரையில் ஒரு கிலோ என்று காட்டிய பிறகும் என் கை தானாகப் போய் இன்னும் கொஞ்சம் அள்ளும். அந்தக் கொசுறுக்காகவே மாம்பலத்திலிருந்து நடந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை நான் கடையோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

என் மகளுக்கு ஏழு வயதானபோது ஏதாவது தற்காப்புக் கலை கற்றுக்கொள்ளட்டும் என்று என் மனைவி சொன்னாள். எங்கள் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உலகத்துச் சண்டையெல்லாம் கிடைத்தது. டிபன் சென்டர் மாடியில் சீனாக்காரன் குங்ஃபூ. கல்யாண மண்டபத்தின் அடித்தளத்தில் கொரியாக்காரன் டேக்வாண்டோ. ஜிம்மில் தாய்லாந்து குத்துச்சண்டை. கார்ப்பரேஷன் பூங்காவில் காலையில் நம்ம சிலம்பம். கொஞ்சம் அடையாறு வரை போனால் களரியும் உண்டு. பொன்னி அரிசியா, இட்லி அரிசியா என்று கேட்கிற அதே குரலில் அம்மாமார்கள் இதையெல்லாம் விசாரிப்பார்கள். நாங்கள் கராத்தேயைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் கிடையாது. வகுப்பு அவள் பள்ளிக்கூட மொட்டை மாடியிலேயே நடந்தது. ரோடு தாண்ட வேண்டாம்.

நான் கொண்டுபோய் விட்டுவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் மாஸ்டர் வந்து, "சும்மா குந்திக்கினு இருக்கறதுக்கு உள்ள வாங்க அண்ணாச்சி, தொப்பையாவது கொறையும்" என்றார். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. அப்படித்தான் நானும் வெள்ளை பெல்ட் கட்டிக்கொண்டு, என் மகளுக்குப் பின்வரிசையில் நின்று, இச்சி, நி, சான் என்று ஜப்பான் பாஷையில் எண்ண ஆரம்பித்தேன். அவள் எப்போதும் எனக்கு ஒரு பெல்ட் முன்னால் இருந்தாள். தொப்பை குறையவில்லை. ஆனால் ஆறரை வருஷத்தில் நானும் கறுப்பு பெல்ட் வாங்கிவிட்டேன்.

என்னிடம் ஒரு கோளாறு இருந்தது. முன்னால் குத்தும்போது பின்னங்கால் குதிகால் தரையை விட்டு எழும்பிவிடும். அப்படி எழும்பினால் குத்தில் பலம் இருக்காது. வீட்டில், சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே நான் பயிற்சி செய்யும்போது என் மகள் பின்னால் வந்து தன் கால் விரலால் என் குதிகாலை அழுத்துவாள். "அப்பா, குதிகால்." சாப்பிடும்போதுகூட, மேசைக்கு அடியில் என் காலை மிதித்துவிட்டு, "குதிகால்" என்பாள். அவளிடம் பட்ட பாட்டில், யார் குதிகால் எழும்பினாலும் என் கண் அங்கேதான் போய் நிற்கும்.

கராத்தேயில் கட்டா என்று ஒன்று உண்டு. எதிரில் ஆளே இருக்காது. நான்கு பக்கமும் ஆள் வருவதாக நினைத்துக்கொண்டு, பழைய காலத்திலிருந்து வருகிற வரிசைப்படி தடுத்து, திரும்பி, குத்தி, உதைத்து, தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்க வேண்டும். என் மகள் கட்டா செய்தால் அந்த இல்லாத ஆட்கள் விழுவது நமக்குத் தெரியும். பெத்தவன் புத்தி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டரும் அதைத்தான் சொன்னார்.

கறுப்பு பெல்ட் வந்ததும் கராத்தே சங்கத்தில் நடுவர் பயிற்சி என்று ஒருநாள் வகுப்பு வைத்தார்கள். ஆள் பற்றாக்குறை. நானும் போனேன். நீல கோட்டு, சாம்பல் பேன்ட், டை. கடையில் நான் அண்ணாச்சி. பொட்டுக்கடலை மடிக்கிறவன். அந்தக் கோட்டைப் போட்டால் எல்லோரும் என்னை சார் என்றார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது, மிகவும் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு ஹால் ஹாலாகப் போய் உட்கார்ந்தேன். "இந்த ஆளு யாருக்கும் சாய மாட்டாரு" என்று பெயர் வந்தது. எங்கள் மாஸ்டரிடம் கற்கிற பிள்ளைகளுக்கே நான் வெற்றிக் கொடி தூக்குவது அபூர்வம். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மகள் பதினொன்றாவது வந்ததும் மனைவி கறாராகச் சொன்னாள். "இந்த வருஷம் மாவட்டத்துல ஜெயிச்சு மாநிலப் போட்டிக்குப் போனா, பன்னண்டாவதுலயும் தொடரட்டும். இல்லேன்னா இதோட போதும். படிக்கட்டும்." மகள் ஒத்துக்கொண்டாள். அவளுக்கு உடற்கல்வி படித்து மாஸ்டராகும் ஆசை இருந்தது. மாநிலச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம். அது அம்மாவுக்குத் தெரியாது. என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

மாவட்டப் போட்டி நந்தனத்தில் ஒரு ஹாலில் நடந்தது. பெண்கள் கட்டா இறுதிச் சுற்றில் சிவப்புப் பக்கம் என் மகள். நீலப் பக்கம் சைதாப்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெண். இறுதிச் சுற்றுக்கு ஐந்து நடுவர்கள் வேண்டும். ஒருவர் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பிப் போய்விட்டார். அமைப்பாளர் என்னிடம் வந்தார்.

"அண்ணாச்சி, நீங்க உக்காருங்க."

"என் பொண்ணு ஆடுறா சார். நான் உக்காரக் கூடாது."

"வேற ஆளு இல்ல. உங்களத் தெரியாதா? நீங்க உக்காந்தா ஒருத்தனும் வாய் தொறக்க மாட்டான்."

இன்னொரு முறை மறுத்திருந்தால் விட்டிருப்பார். நான் மறுக்கவில்லை. உங்களைத் தெரியாதா என்ற அந்த ஒரு வார்த்தையில் குளிர்ந்துபோய், மூலையில் போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். வலது கையில் சிவப்புக் கொடி, இடது கையில் நீலக் கொடி. யார் நன்றாகச் செய்தார்களோ அவர்கள் நிறத்தைத் தூக்க வேண்டும்; ஐந்தில் மூன்று கொடி யாருக்கோ அவர்களுக்கு வெற்றி.

கயிற்றுக்கு அந்தப் பக்கம், என் முதுகுக்கு நேர் பின்னால், காக்கிச் சட்டை போட்ட ஒருவர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நீலப் பக்கத்துப் பெண்ணின் அப்பா. பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார், எனக்குக் கேட்க வேண்டும் என்றே. "அப்பனே கொடி புடிச்சிக்கினு குந்திக்கினு கீறான். இன்னாத்துக்கு எம்பொண்ண இட்டாந்தேன்? முடிஞ்சிது போ." அவரைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால் எத்தனை ஹாலில் எத்தனை அப்பன்களைப் பார்த்தாரோ. ஆனால் எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

முதலில் என் மகள் செய்தாள். அதை விவரிக்க மாட்டேன். ஒரு தப்பு இல்லை. முடித்து, வணங்கி, ரப்பர் விரிப்பின் ஓரத்தில் போய் நின்றாள். அடுத்து அந்தப் பெண். அவளும் நல்ல வேகம். பாதியில், என் மூலைக்கு முதுகைக் காட்டித் திரும்பும் இடத்தில், அவளுடைய பின்னங்கால் குதிகால் எழும்பியது. விரிப்பின் இணைப்பில் வழுக்கி, அரை நொடி உடம்பு ஆடி, சமாளித்துக்கொண்டாள். என் பக்கத்திலிருந்து பார்த்தால் அப்பட்டமாகத் தெரிந்தது. எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு அவள் முகமும் கையும்தான் தெரிந்திருக்கும்.

இருவரும் வந்து நின்றார்கள். விசில் ஊதினால் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கொடி தூக்க வேண்டும். விசிலுக்கு முன்னால் கிடைத்த அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்பது எனக்கு வரிவரியாக நினைவிருக்கிறது. மற்ற நாலு பேரும் எப்படியும் சிவப்புதான் தூக்கப் போகிறார்கள். இவள் ஜெயித்தாகிவிட்டது. நான் ஒருத்தன் நீலம் தூக்கினால் என்ன கெட்டுப்போகிறது? பின்னால் நிற்கிறவன் வாயும் அடையும், அந்தப் பிள்ளைக்கும் ஒரு கொடி கிடைத்த ஆறுதல். தட்டு அந்தப் பக்கம் கொஞ்சம் தாழட்டும்.

விசில் கேட்டது. நீலத்தைத் தூக்கினேன்.

தூக்கிய பிறகுதான் மற்றவர்களைப் பார்த்தேன். இரண்டு சிவப்பு, இரண்டு நீலம்.

கொடியை இறக்கி மாற்ற முடியாது. தலைமை நடுவர் நீலப் பக்கம் கை காட்டினார். தோற்றவர் நடுவர்களை வணங்கிவிட்டுத்தான் விரிப்பை விட்டு இறங்க வேண்டும் என்பது முறை. என் மகள் நின்று, கைகளை உடம்போடு ஒட்டி வைத்து, இடுப்பிலிருந்து குனிந்து வணங்கினாள். முதுகு நேராக இருந்தது. அதிலும் ஒரு தப்பு இல்லை.

அமைப்பாளர் மைக்கைப் பிடித்துவிட்டார். பெற்ற மகள் என்றும் பார்க்காமல் தீர்ப்பு சொன்னார் என்று என்னென்னவோ பேசினார். ஹால் முழுக்கக் கைதட்டல். காக்கிச் சட்டைக்காரர் கயிற்றைத் தாண்டி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தப்பா பேசிட்டேன் சார், மனசுல வெச்சுக்காத. உன்ன மாரி ஒரு ஆள நான் பாத்ததில்ல." அவர் கண் கலங்கியிருந்தது. ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் கைதட்டல் எனக்கு இனித்தது. என் மகள் சுவரோரம் உட்கார்ந்து உடுப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து நின்று எல்லோருக்கும் கும்பிடு போட்டேன். இதை நினைக்கும்போதெல்லாம் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

பைக்கில் திரும்பினோம். வழக்கமாக என் தோளைப் பிடித்துக்கொள்வாள். அன்று பையை நடுவில் வைத்துக்கொண்டு பின்கம்பியைப் பிடித்திருந்தாள். நந்தனம் சிக்னலில் நின்றபோது கேட்டாள்.

"அப்பா, அவ குதிகால் எழும்புச்சே, பாத்தீங்களா?"

"இல்லம்மா. கவனிக்கல."

"சரிப்பா."

பச்சை விழுந்தது. அதோடு சரி. அவள் அழவில்லை, சண்டை போடவில்லை, அம்மாவிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வகுப்புக்குப் போகவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான் என்று மனைவியும் விட்டுவிட்டாள். மகள் பன்னிரண்டாவது படித்தாள், என்ஜினீயரிங் படித்தாள், நாங்கள் சொன்ன பையனைக் கட்டிக்கொண்டாள். எதைக் கேட்டாலும் "சரிப்பா." தங்கமான பிள்ளை என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். மேசைக்கு அடியில் யாரும் என் காலை மிதிக்கவில்லை. நானும் அந்த வருஷமே கோட்டைக் கழற்றிவிட்டேன். அதற்கும் ஏதோ உயர்ந்த காரணம் இருக்கும் என்று சங்கத்தில் பேசிக்கொண்டார்களாம்.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். சொன்னவனுக்கு ஒரே ஒரு கொடிதான் தூக்க முடிகிற போட்டியைப் பற்றித் தெரிந்திருக்காது.

பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது அவள் வேளச்சேரியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறாள். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. போன பொங்கலுக்கு அங்கே குழந்தைகளுக்கு மாறுவேடப் போட்டி வைத்தார்கள். பேத்திக்குக் காய்கறிக்காரி வேஷம். நானும் மனைவியும் போயிருந்தோம். தீர்ப்புச் சொல்ல வரவேண்டிய ஒருவர் வரவில்லை. குடியிருப்புச் சங்கத்துக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, "பெரியவர் இருக்காரே, நீங்க வந்து உக்காருங்க சார்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் சொன்னாள். "எங்கப்பா வேண்டாம் சார். அவரு ரொம்ப நேர்மை. அவரு உக்காந்தா எம்பொண்ணு ஜெயிக்க மாட்டா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். அவளுக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது. நானும் சிரித்தேன்.

சாயங்காலம் கிளம்பும்போது மனைவி பேத்தியோடு முன்னால் இறங்கிப் போய்விட்டாள். லிஃப்டுக்காக நானும் மகளும் நின்றோம். என் கையில் அவள் கொடுத்த சர்க்கரைப் பொங்கல் தூக்கு. பன்னிரண்டு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்ததை அங்கே வைத்துத்தான் துப்ப முடிந்தது.

"அன்னிக்கு நந்தனத்துல... அந்தப் பொண்ணு குதிகால் எழும்புனத நான் பாத்தேம்மா."

அவள் லிஃப்ட் பொத்தானை இன்னொரு முறை அழுத்தினாள்.

"தெரியும்ப்பா."

"எப்படி?"

"நான் அவள பாக்கவே இல்ல. ஓரமா நின்னு உங்களத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அவ குதிகால் எழும்புனதயே உங்க மூஞ்சியிலதான் பாத்தேன்."

அப்படியானால் சிக்னலில் அவள் கேட்டது கேள்வியே இல்லை. எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறாள். தட்டை என் பக்கம் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்திருக்கிறாள்.

"தூக்கு சாயுது, நேரா புடிங்க" என்றாள். "லிஃப்ட் வந்துருச்சு. ஏறுங்க."

ஏறினேன்.