மிளாக் கொம்பில் பச்சைக் கரை வேட்டி

காரையாறு பஸ்ல வந்த எரிச்சல் இன்னும் அடங்கல. நேரா பிரவுசிங் சென்டருக்கு வந்து நம்ம குழுவுக்குத் தட்டுதேன்.

பஸ்ல பக்கத்து சீட்ல தச்சநல்லூர் அண்ணாச்சி ஒருத்தர். தலையில ஈரம் காயல. பாவம் தீரணும்னு மேல காரையாத்துல குளிச்சு, உடுத்த வேட்டிய ஆத்தோட விட்டுட்டு வாராராம்.

"எல்லாரும் கீழ பாபநாசத்துலதான அண்ணாச்சி விடுவாங்க? இது புலிகள் காப்பகம்லா?"ன்னேன்.

"அங்கன எவன் முங்குவான்? கால வச்சா அடுத்தவன் துணி சுத்துது. அசிங்கம் வே! காட்டுக்குள்ள தண்ணி கண்ணாடி மாதிரி கெடக்கு."

அந்தக் கண்ணாடியிலதான் வேட்டிய விட்டுருக்காரு. கூடவே ஷாம்பு பாக்கெட்டும்.

முண்டந்துறை வளைவுல பஸ் பைய நின்னுது. ரோட்டோரம் ஒரு மிளா மான். தண்ணி குடிக்கப் போன இடத்துல மாட்டியிருக்கும். ஈர வேட்டி கொம்புல சுத்தி கண்ண மறைச்சிட்டு. தலைய உதறி உதறிப் பாக்குது, போவல.



அண்ணாச்சி எட்டிப் பாத்தார். "நம்மது இல்ல வே. நம்மது சிவப்புக் கரை"ன்னு நிம்மதியா சாஞ்சுக்கிட்டார்.

அது பச்சைக் கரை. நம்ம குழுவுல யாரும் சமீபத்துல விட்டிருந்தா சொல்லுங்க. உங்க பாவம் எங்கயும் போவல, காட்டுக்குள்ள கண்ணு தெரியாம அலையுது.