ஒருமையில் அழைத்தது தொடர்பாக

எங்கள் வீட்டில் அப்பாவை யாரும் 'நீங்க' என்று சொன்னதில்லை. "அப்பா, நீ சாப்டியா?", "எங்கப்பா போன இவ்வளவு நேரம்?" இப்படித்தான். அம்மா மட்டும் வெளியாள் முன்னால் 'அவங்க' என்பார். வீட்டுக்குள் நுழைந்ததும் அவருக்கும் அந்த 'ங்க' கழன்றுவிடும். அப்பா மிராசுதாரர்களின் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சி மடை பார்த்தவர். நாளெல்லாம் வெளியே 'ங்க' போட்டே பேசிவிட்டு வருகிறவருக்கு வீட்டிலாவது அது காதில் விழாமல் இருக்கட்டும் என்று நாங்கள் நினைத்ததாகச் சொன்னால் அது கதை. பாசம் இருந்தது, 'நீ' என்றோம், அவ்வளவுதான்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம், ஒன்றரை எழுத்து உள்ள அந்த 'ங்க'வை வைத்துத்தான் என் உத்தியோகத்தில் ஒரு விசாரணை நடந்தது.

நான் கிராம நிர்வாக அலுவலர். வி.ஏ.ஓ. என்றால்தான் எங்கள் பக்கம் புரியும். காலனித் தெருவில் பிறந்து, பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவள். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு தாலுகா. எது என்று சொல்லப் போவதில்லை; சொன்னால் யார் யார் என்று ஆளாளுக்குக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எங்கள் தாசில்தாருக்கு நல்ல மனிதர் என்று பெயர். லஞ்சத்துக்குக் கை நீட்ட மாட்டார், கத்த மாட்டார். ஜீப் டிரைவரைக்கூட "வாங்க தம்பி" என்பார். மற்ற வி.ஏ.ஓ.க்கள் எல்லாரும் அவருக்கு சார், மேடம். நான் மட்டும் "வாம்மா", "அத எடுத்துட்டு வா", "நீ அப்புறம் பேசு." என் வயதிலேயே, என் உயரத்திலேயே இன்னொரு பெண் வி.ஏ.ஓ. உண்டு. அவர் மேடம்தான். வேலையில் சேர்ந்து முதல் சம்பா அறுவடை முடியும்வரை எனக்கு இது பெருமையாகக்கூட இருந்தது. இத்தனை பேரில் நம்மிடம் மட்டும் உரிமை எடுத்துக்கொள்கிறாரே என்று நினைத்தேன்.

அப்போது நான் வேலை பார்த்த கிராமம் ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் இருந்தது. பஸ் எப்போது வரும் என்று கண்டக்டருக்கே தெரியாத ஊர். அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டு, வாரத்தில் இரண்டு நாள் தஞ்சாவூருக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போக வேண்டும். அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று. என்னைவிட்டால் ஆள் கிடையாது. அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய ஊரின் வி.ஏ.ஓ. இடம் காலியானது. சீனியாரிட்டிப்படி அது எனக்கு வர வேண்டியது. அந்த ஊர் கிடைத்தால் அப்பாவைக் காலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வேலையையும் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் வேலையையோ அப்பாவையோ விட வேண்டியதுதான் என்ற நிலை.

தாசில்தாரிடம் போய்க் கேட்டேன். சிபாரிசு அவரிடமிருந்துதான் போக வேண்டும்.

"அந்த ஊரு வேணாம்மா," என்றார் மிருதுவாக. "பெரிய பெரிய குடும்பம்லாம் இருக்கு. அவங்க வாசல்ல போயி நீ வரி கேக்குறது, புறம்போக்க அளக்குறது, இதெல்லாம் ஒத்துக்க மாட்டாங்க. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடும். என் மக மாதிரி நெனச்சு சொல்றேன்."

அந்த ஊரை என்னைவிட இளையவர் ஒருவரிடம் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்தார்கள். அவர் வாரத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்த்தார். வருடாந்திர நிலக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தி முடிந்த பிறகு மறுபடி கேட்டேன். மறுபடியும் அதே மகள், அதே மிருது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனு எழுதினேன். சாதியைக் காரணம் வைத்து எனக்கு உரிய இடத்தை மறுக்கிறார் என்று ஒரு பத்தி. மற்றவர்களுக்குத் தரும் மரியாதை தராமல் என்னை மட்டும் ஒருமையில் அழைக்கிறார் என்று ஒரு வரி.

மனு கலெக்டர் ஆபீசுக்குப் போன செய்தி, அது போய்ச் சேருவதற்கு முன்பே தாலுகா ஆபீசில் பரவிவிட்டது. மேடம் என்று அழைக்கப்படும் அந்தத் தோழி என்னை ஜெராக்ஸ் கடைப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனார்.

"எடம் கேக்குறீங்க, நியாயம். 'வா போ'ன்னாருன்னு ஒரு புகாராங்க? எங்க வீட்டுக்காரரே என்னை அப்படித்தான் கூப்புடுறாரு."

"உங்க வீட்டுக்காரரா உங்களுக்கு டிரான்ஸ்ஃபர் போடுறாரு?"

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது, அதுதான் உண்மை.

விசாரணைக்குக் கலெக்டர் ஆபீசிலிருந்து துணை ஆட்சியர் ஒருவர் வந்தார். அளந்து பேசுகிற பெண்மணி. தாசில்தார் அறையிலேயே, தாசில்தாரின் நாற்காலியிலேயே அவர் உட்கார்ந்தார். எதிரே நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். இத்தனை வருடத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்பது உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

இடத்தைப் பற்றி அந்த அம்மா கேட்டார். நிர்வாகக் காரணம் என்றார் தாசில்தார். ஊரின் நிலைமை, சட்டம் ஒழுங்கு, எல்லாம் இவங்க நல்லதுக்குத்தான் என்றார். அவர் வாயால் 'இவங்க' ஆகிவிட்டேனே என்று பார்த்தேன்.

"ஒருமையில பேசுவீங்களா?"

"பேசுவேங்க மேடம், மறைக்கல. எம் மக வயசு. பெத்த புள்ளைய யாராவது வாங்க போங்கன்னு கூப்புடுவாங்களா? அப்பன் ஸ்தானத்துல இருந்து கூப்புட்டேன். அதே ஸ்தானத்துலதான் அந்த ஊரும் வேணாம்னேன். இத புகார்னு எழுதுனா நான் என்ன செய்யிறது?"

குரல் தழுதழுத்தது. நடிப்பு இல்லை, அவர் அதை நம்பியே சொன்னார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அந்த அம்மாவின் பேனா நின்றுவிட்டது. அவ்வளவுதான், என் மனு பாசத்தில் கரைந்து போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பாசத்தின் மேல் யார் நடவடிக்கை எடுக்க முடியும்?

"நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்றார் என்னிடம்.

ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். வந்தது வேறு. அவர் பக்கம் திரும்பினேன்.

"சரிப்பா, அப்பன்னு நீயே சொல்லிட்ட. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், சொல்லு. அந்த ஊருல என்னை வேணாம்னு யாருப்பா உங்கிட்ட சொன்னா?"

வீட்டில் பேசுகிற அதே குரலில்தான் கேட்டேன். நாற்காலி பின்னால் தள்ளிக்கொண்டு போக அவர் எழுந்து நின்றுவிட்டார். முகம் கறுத்துப்போயிற்று.

"யாருகிட்ட என்ன பேசுற? மரியாதை குடுத்துப் பேசு! நீ யாரு, நான் யாரு?"

வெளியே ஹாலில் டைப் அடிக்கிற சத்தம் நின்றது. கத்த மாட்டார் என்று பெயர் எடுத்தவர் அல்லவா.

அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை. "உக்காருங்க சார். மகதானே கேட்டாங்க," என்றார். அவர் உட்கார்ந்ததும், "பதில் சொல்லுங்க" என்றார்.

"பொதுவா... ஒரு அபிப்பிராயம்தான் மேடம்."

பேனா மறுபடி ஓடத் தொடங்கியது.

அடுத்த நாள் ஸ்கூட்டியில் அப்பாவைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போகும்போது நடந்ததைச் சொன்னேன். பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தார். பெருமைப்படுவார், இல்லை பயப்படுவார் என்று எதிர்பார்த்தேன். வெண்ணாற்றுப் பாலம் தாண்டியதும் என் தோளைத் தட்டினார்.

"அது சரி," என்றார் கடைசியில். "அந்தாளப் போயி ஏன் அப்பான்ன?"

உண்மையிலேயே கோபம். டயாலிசிஸ் முடிந்து, நான் இளநீர் வாங்கிக் கொடுத்த பிறகுதான் அது தணிந்தது.

தாசில்தாருக்குப் பெரிய தண்டனை எதுவும் வரவில்லை. 'அறிவுரை வழங்கப்பட்டது' என்று ஒரு வரி, அத்தோடு சரி. எனக்கு அந்த ஊர் கிடைத்தது. ஆர்டர் வாங்கப் போனபோது "வாங்க மேடம், உக்காருங்க" என்றார், முகத்தைப் பார்க்காமல். கேட்கக் கஷ்டமாக இல்லையா என்றார் தோழி. இல்லை. நன்றாக இருந்தது. அந்த 'ங்க'வில் பாசம் துளியும் கிடையாது. அதனாலேயே நன்றாக இருந்தது.

புது ஊரில் சேர்ந்தது தை மாதம். வயலெங்கும் அறுவடை மிஷின்கள். நெல்லை அரசுக் கொள்முதல் நிலையத்தில் போட வேண்டுமானால், இன்னார் இன்ன நிலத்தில் இத்தனை மா பரப்பில் சாகுபடி செய்தார் என்று வி.ஏ.ஓ. தரும் அடங்கல் வேண்டும். காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். பெரிய குடும்பத்து ஆள் ஒருவர் நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்றே பேசினார், நின்றே வாங்கிக்கொண்டு போனார். இன்றுவரை அப்படித்தான். நிற்கட்டும், கால் அவருடையது.

அதே ஊரின் இன்னொரு பெரிய பண்ணைக்காரர் டி.வி.எஸ்.ஸில் வந்து இறங்கும்போதே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். ரேஷன் கடைக்காரர், லாரி டிரைவர், போனில் பேசிய யாரோ, எல்லாருமே அவருக்கு வா போதான்.

"ஏம்மா, எத்தனை மாசமா இந்த ஊருக்கு ஒரு ஆளு இல்ல? ஒரு கையெழுத்துக்கு நாயா அலையவிட்டீங்களே. அங்க நெல்லு பனியில கெடக்கு."

"நான் அப்பவே இந்த ஊர கேட்டேங்க," என்றேன். "நீங்கள்லாம் வேணாம்பீங்கன்னு சொல்லி தாலுகாவுல என்னை இங்க போடல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எந்தத் தெரு என்று அவருக்குத் தெரியும். முதல் நாளே எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

"எங்கள யாரும்மா கேட்டா?"

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை வேண்டாம் என்றேகூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்கவே இல்லை.

"குடும்மா, லாரி நிக்கிது" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.