காய்ச்சல் இல்லாத வீட்டு ரொட்டி

எங்கள் ஊரில் ரொட்டி என்றால் சீக்கு. காய்ச்சலில் படுத்தவருக்குப் பாலில் நனைத்துக் கொடுப்பது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவர்கள் சாத்துக்குடியோடு வாங்கிப் போவது. நன்றாக இருக்கிறவர் ரொட்டி தின்றால் அக்கம்பக்கத்தில் உடனே விசாரணை நடக்கும். இந்தக் கூமுட்டைத்தனத்தோடுதான் பீளமேட்டு மில் லைன் வீடுகளில் நாங்கள் அத்தனை பேரும் குடியிருந்தோம், பக்கத்து வீட்டுக் குழந்தையம்மாளைத் தவிர.

அறுபத்தைந்தாம் வருஷம், அரிசித் தட்டுப்பாடு. ரேஷனில் அரிசியைக் கிள்ளிப் போட்டுவிட்டுக் கோதுமையை அள்ளிப் போட்டார்கள். கோதுமைக் கஞ்சி, கோதுமைக் களி, மறுபடியும் கஞ்சி. குழந்தையம்மாளின் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட்டன. அவள் புருஷன் குமாரசாமியண்ணன் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போய், மிஷின் பக்கத்திலேயே தலைசுற்றி விழுந்தார். அன்றைக்குத்தான் அவளுக்கு ரோஷம் வந்தது.

கோதுமையை அரைத்து, புளித்த இட்லி மாவு ஒரு கரண்டி விட்டுப் பிசைந்து ராத்திரி மூடி வைப்பாள். விடிந்ததும் பழைய டால்டா டின்னில் அதை அடைத்து, மணல் பரப்பிய சட்டிக்குள் இறக்கி அடுப்பில் ஏற்றி, மூடிமேல் தேங்காய்த்தொட்டித் தணலைக் கொட்டுவாள். முதலில் வந்ததை அம்மிக்குப் பதில் போட்டு மசால் அரைத்திருக்கலாம். அவள் விடவில்லை. கடைசியில் ஒரு நாள் ரொட்டி பொங்கி வந்தது. லேசாகப் புளிக்கும், கடலைச் சட்னியோடு பிள்ளைகள் அடித்துக்கொண்டு தின்றன.

வாசனை லைன் முழுக்கப் போனது, கூடவே பேச்சும் போனது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். அவளிடம் இருந்ததோ ஒரு சட்டி மூடி.

மூத்த மகள் மயிலாத்தாளுக்கு அப்போதுதான் காங்கேயத்தில் ஒரு நல்ல இடம் கூடி வந்தது. கொப்பரை வியாபாரக் குடும்பம். அவர்கள் விசாரிக்க வந்தபோது எங்கள் லைனிலேயே ஒரு புண்ணியவதி சொல்லிவிட்டாள், அந்த வீட்டில் தினமும் ரொட்டி, டி.பி.யாகத்தான் இருக்கும் என்று. சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் குமாரசாமியண்ணனின் அண்ணன் சுப்பண்ணன். அலறிக்கொண்டு வந்தார்.

"ஏனம்மணி, புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? கல்யாணம் முடியற வரைக்கும் அந்தச் சட்டியைக் கவுத்துப் போட்டுரு."

"ஊட்ல சீக்கு இல்லீங்க மாமா, பசிதான் இருக்குது. அதுக்குத்தானுங்க ரொட்டி."

"பசியை யாரு பாக்கறா? ஊருப் பேச்சைத்தான் பாப்பாங்க."

"அப்ப அவங்களே நேர்ல வந்து பாத்துக்கட்டுங்க."

வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் சின்னாத்தாள்தான் முன்னால் நடந்து வந்தாள். பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பஜ்ஜியும் கேசரியும் வைப்பது முறை. குழந்தையம்மாள் ரொட்டியை அறுத்து, நாட்டுச்சர்க்கரை தூவி வைத்தாள். ஒத்தாசைக்குப் போயிருந்த எனக்கே பகீரென்றது.

சின்னாத்தாள் தட்டைத் தொடவில்லை. மயிலாத்தாளை நடக்கவிட்டுப் பார்த்தாள், பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள், குமாரசாமியண்ணன் இருமுகிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் இருமவில்லை. கடைசியில் கொஞ்சம் இறங்கி வந்தாள்.

"சீக்கு இல்லைன்னு கண்ணுல பாத்துட்டனுங்க. புள்ளையும் லட்சணமா இருக்குது. ஆனா எங்க சனம் நாலு பேசுமுங்க. முகூர்த்தம் வரைக்கும் இந்த ரொட்டியை மட்டும் நிறுத்திப்போடுங்க."

குமாரசாமியண்ணனின் முகம் மலர்ந்துவிட்டது. "அதுக்கென்னங்க, நாளையிலிருந்தே..."

"இல்லீங்க," என்றாள் குழந்தையம்மாள். "இன்னிக்கி நிறுத்துனா, சீக்கு இருந்தது நெசந்தான்னு நானே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆயிருமுங்க. அதுவரைக்கும் எம்புள்ளைகளுக்கு என்னத்தைப் போடறதுங்க? உங்க சனம் வந்து சோறு போடுமுங்களா?"

சின்னாத்தாள் எழுந்தாள். சுப்பண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "உம்புள்ளை உன்ற ஊட்லயே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவர்கள் பின்னாலேயே போனார். குமாரசாமியண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது, ஒளிப்பானேன். ஆனால் அடுக்களைக்குள் வந்ததும் குழந்தையம்மாள் ஆளே மாறிப்போனாள். வீறாப்பெல்லாம் வந்தவர்கள் முன்னால்தான். மகளை ஏறிட்டுப் பார்க்கவே அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"கண்ணு, உன்ற வாழ்க்கையை நான் கெடுத்துப்போட்டனா?"

மயிலாத்தாள் தலையில் இருந்த பூவை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"அந்த ஊட்டுக்குப் போயி, எனக்குப் பசிக்குதுன்னு வாயைத் தொறந்து சொல்ல முடியுமாம்மா?"

குழந்தையம்மாள் அப்போதுதான் மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"காலைல இருந்து ஒண்ணுமே திங்கலை. பசிக்குதும்மா" என்றாள் மயிலாத்தாள். அவர்கள் தொடாமல் போன தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.