வெறுங்கூடை

சிகிச்சை முடிந்து புதுச்சேரியிலிருந்து திரும்பிய வருஷம் நான் நன்றாகக் குண்டாகிவிட்டேன். மார்பில் ஒரு பக்கம் போய்விட்டது, மீதி எல்லாப் பக்கமும் ஊதிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

"நல்லா தேறிட்டீங்க! இப்பதான் மொகத்துல களை வந்திருக்குது."

டாக்டரம்மாவோ எடை மெஷினைப் பார்த்ததும் கடிந்துகொண்டார். "இந்த நோய் வந்தவங்களுக்கு இப்படி எடை ஏறக் கூடாதும்மா. பரம்பரையா வர்றத நம்மால மாத்த முடியாது. சாப்பாடும் நடையும் உங்க கையிலதான இருக்குது?"

விருத்தாசலத்தில் ஒரு பெண் சும்மா நடந்துவிட முடியுமா? பீங்கான் கம்பெனிகள் இருக்கும் ரோட்டில் முதல் நாள் கையை வீசிக்கொண்டு போனேன். வேலைக்குப் போகிற பெண்கள் நின்று, "எங்க போறீங்க? யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினார்கள். மறுநாள் ஒரு ஒயர் கூடையை மாட்டிக்கொண்டேன். கூடை இருந்தால் கடைக்குப் போகிறவள். அப்புறம் ஒருத்தரும் கேட்கவில்லை. கூடைக்குள் ஒன்றும் இருக்காது. வீட்டுக்காரர் குவைத்தில், பிள்ளைகள் கிடையாது. திரும்பி வந்து பூட்டைத் திறக்கும்போது தினமும் அழுகை வரும்.

டாக்டரம்மா இன்னொன்றும் கேட்டிருந்தார், அம்மா வழியில் யாருக்காவது இருந்ததா என்று. அம்மா வயிற்று வலியில் இறந்ததாகத்தான் எங்கள் வீட்டில் பேச்சு. அப்போது நான் ஹாஸ்டலில் படித்தேன். கடைசிவரை அம்மாவைக் குளிப்பாட்டியது அக்காதான். சேத்தியாத்தோப்பிலிருந்து அவள் என்னைப் பார்க்க வந்தபோது கேட்டுவிட்டேன்.

"மாருலதான்" என்றாள். "யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிடுச்சு."

"அப்ப நீயும் ஒருவாட்டி காட்டிடுக்கா. டாக்டரே சொன்னாங்க."

"எம் பொண்ணப் பாக்க வர்ற நேரம்டி. குடும்பத்துல இருக்குதுன்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்? இத்தோட வுட்டுடு."

போட்ட டீயைக்கூடக் குடிக்காமல் போனாள். அதன்பிறகு வரவில்லை. போன் செய்தால் அவள் மகள்தான் எடுப்பாள், அம்மா வெளியே போயிருக்குது என்பாள். கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. கூடப் பிறந்தவளுக்குத் தபாலில் பத்திரிகை! எனக்கு ரத்தம் கொதித்தது. போனேன், கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

அந்த மழைக்காலம் முடிந்து ஒரு நாள் காலை அதே ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அக்கா. மூச்சு வாங்க வந்தாள்.

"வூடு பூட்டியிருந்துச்சு. நீ இப்படிதான் போனேன்னு எதிர்வூட்ல சொன்னாங்க."

சின்ன வயதுப் பழக்கம், என் கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டாள். எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, ஒண்ணுமே இல்ல?"

"ஒண்ணும் இல்லக்கா. நடக்கத்தான் வந்தேன்."

கூடையைத் திருப்பித் தரவில்லை. என் பக்கத்திலேயே நடந்தாள். எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. ரோட்டில் என்னோடு ஒருத்தி நடக்கிறாள் என்பதே சந்தோஷமாக இருந்தது. ரயில்வே கேட் வரைக்கும் வந்துவிட்டோம். கேட் மூடியிருந்தது, நின்றோம்.

"உனக்கு மொதல்ல அந்தக் கட்டி வலிச்சுதாடி?"

"இல்லக்கா."

கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"எனக்கும் வலிக்கல" என்றாள்.