முகப்பு ஒரு தெருவில், சாக்கடை மறு தெருவில்

சுகாதார விசிட்டர் வேலைக்கு வேண்டியது காலேஜ் படிப்பல்ல, மூக்கைப் பொத்தாமல் சிரித்த முகமாக நிற்கும் பழக்கம். வீடு வீடாகப் படியேறிச் செருப்புத் தேய்ந்த சகோதரிகளுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

படத்தில் இல்லாத தெரு

காரைக்குடிக்குப் பக்கத்தில் எனக்கு ஒதுக்கிய ஊரில், பெரிய வீடுகள் ஒரு தெருவில் முகப்போடு தொடங்கி அடுத்த தெருவில் பின்வாசலோடு முடியும். வீட்டின் கழிவுநீர் முழுதும் அந்தப் பின்வாசல் வழியே வெளியேறி, எதிரே குடிசைக்காரர்களின் கிணற்றடியில் தேங்கும். அங்கே குடியிருந்த கருப்பாயி, கட்டட வேலைக்குக் கல் சுமக்கிறவள். மூத்த பிள்ளையை வாந்திபேதிக்குப் பறிகொடுத்தவள். இளையதற்கும் அப்போது வயிறு போய்க்கொண்டிருந்தது.

சாக்கடையைக் கிணற்றுக்கு அப்பால் நீட்டும்படி கேட்கப் பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்குப் போனேன். அத்தனை ஆண்களுக்கு நடுவே குரல் எழும்பவில்லை, எழுதி நீட்டினேன். குமாஸ்தா ஊர்ப் படத்தை விரித்தார். குடிசைகள் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"தெருவுக்குத்தாம்மா சாக்கடை போடலாம். இது செட்டியார் வீட்டுக் கொல்லைப்புறமுல்ல."

ஆச்சியின் இரக்கம்

சரி, அந்த வீட்டு ஆச்சியையே பார்ப்போம் என்று போனேன். கூரையிலிருந்து வடிந்த மழைநீரை அண்டாக்களில் பிடித்து, துணியால் வேடு கட்டி வைத்திருந்தார்கள், குடிப்பதற்கு. ஆச்சி உண்மையாகவே வருந்தினார். பிள்ளைக்குப் பார்லியும் பழைய துணியும் எடுத்துக் கொடுத்தார். அந்தத் தைரியத்தில், கழிவுநீரை உங்கள் தோட்டத்துக்குள்ளேயே ஒரு குழி வெட்டி விடலாமே என்றேன்.

"நல்லாச் சொன்னே ஆத்தா. சாக்கடைத் தண்ணிய வீட்டுக்குள்ள தேக்குனா எங்க பிள்ளைகளுக்குச் சீக்கு வந்துராதா?"

குணமான பிள்ளை

காரைக்குடி ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்து பிள்ளை தேறிவிட்டது. வீட்டுக்குப் போகலாமென்று டாக்டர் சீட்டு எழுதிவிட்டார். அழைத்துப்போக வந்த நான், தண்ணீரைக் காய்ச்சிக் கொடு என்று வழக்கமான பாடத்தை ஒப்பித்தேன். கருப்பாயி கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை. சோறாக்கவே விறகு இல்லை என்றாள். பிறகு பிள்ளையின் வயிற்றைத் தடவியபடி கேட்டாள்:

"இங்கன இருந்தாப் பொழைக்கிது. அங்குட்டுப் போனா அதே தண்ணிதான். நீங்க படிச்சவுக, நீங்களே சொல்லுங்க. எதுக்கும்மா எங்களை அனுப்புறீக?"

அவளையும் பிள்ளையையும் நானே வண்டி பிடித்து அந்தக் கிணற்றடியில் இறக்கிவிட்டு, டயரியில் 'பூரண குணம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.