நகுலின் கிடாரில் வைத்த கெபாசிட்டர்

என் வீட்டுக்காரர் காலித் இப்போதெல்லாம் கேட்டுவிட்டுத்தான் கிடாரில் கை வைக்கிறார். முன்பு அப்படியில்லை. கேட்காமல் உபகாரம் செய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

தாராவியில் எங்கள் முன்னறைதான் அவருக்கு ஒர்க்‌ஷாப். எலெக்ட்ரிக் கிடார், ஆம்ப்ளிஃபயர், எது வந்தாலும் சரிசெய்வார். கிடாரில் வால்யூமைக் குறைத்தால் ட்ரெபிள் என்கிற கூர்மையான சத்தம்தான் முதலில் போகும். போர்வைக்குள்ளிருந்து யாரோ பேசுவது போல ஆகிவிடும். வால்யூம் குமிழின் இரண்டு கால்களுக்கு நடுவே மிளகளவு கெபாசிட்டர் ஒன்றையும் கூடவே ஒரு ரெசிஸ்டரையும் பற்றவைத்தால், ட்ரெபிள் அதன் வழியே வந்துவிடும். சத்தம் குறைந்தாலும் தெளிவு போகாது. வருகிற கிடாருக்கெல்லாம் இதை இனாமாக வைத்துவிடுவார். ஒருவரும் குறை சொன்னதில்லை.

மாட்டுங்காவிலிருந்து ஷ்யாமளா என்ற அம்மா ஒரு கிடார் கொண்டுவந்தார். மகன் நகுலுடையது. போன வருஷம் பைக் விபத்தில் அவன் போய்விட்டான். இப்போது மகள் ஷ்ருதி வாசிக்கிறாள். கேபிள் செருகும் இடம் ஆடுகிறது, அதை மட்டும் பார்க்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் அதையும் பார்த்தார், வழக்கம் போல் கெபாசிட்டரையும் வைத்தார்.

மறுநாளே அந்த அம்மா மகளோடு திரும்பி வந்தார், பேயறைந்த முகத்தோடு.

"என் பிள்ளையை என்ன பண்ணினேள்?" என்றார்.

இவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஷ்ருதிதான் சொன்னாள். அப்பா வீட்டிலேயே ஆபீஸ் வேலை பார்ப்பதால், நகுல் கதவைச் சாத்திக்கொண்டு வால்யூமை நன்றாகக் குறைத்துத்தான் வாசிப்பானாம். அந்த மங்கல் சத்தம் கேட்டால் பிள்ளை உள்ளே இருக்கிறான் என்று அம்மாவுக்கு நிம்மதி. அவன் போன பிறகு அதே அறையில் அதே மாதிரி இவளை வாசிக்கச் சொல்லி, கதவுக்கு வெளியே உட்கார்ந்து கேட்பாராம்.

"மங்கலாக் கேக்குறது கோளாறுன்னுல்லா நெனச்சேன்," என்றார் இவர். "டோனைக் கொறச்சா மங்கிரும்மா, பாருங்க."

டோன் குமிழைத் திருகி ஷ்ருதியை வாசிக்கச் சொன்னார். மங்கியது, ஆனால் சளி பிடித்த மாதிரி வேறொரு மங்கல். ஷ்யாமளா தலையை ஆட்டினார்.

"இது அவனில்லை. நீங்க வச்சதை எடுத்துடுங்கோ."

"அம்மா, ப்ளீஸ். நேத்திக்குத்தான் நான் வாசிக்கறது எனக்கே நன்னாக் கேட்டுது," என்றாள் ஷ்ருதி.

அந்த அம்மா காதில் அது விழவேயில்லை. இவர் என்னைப் பார்த்தார். பெண்ணைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் வழக்காட எனக்குத் தெம்பில்லை. வெளியே தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, இவர் சூடு காட்டிக் கெபாசிட்டரைப் பிரித்தெடுத்தார்.

அந்த அம்மா எழுந்து வெளியே போய் எங்கள் கதவைச் சாத்தினார். உள்ளே ஷ்ருதி வால்யூமைக் குறைத்து வாசித்தாள். பட்டப்பகலில், எங்கள் அறைக்குள் புதிதாக யாரோ வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி எனக்குப் பயமாக இருந்தது.

வாசித்து முடித்ததும் கதவுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. அத்தனை கனிவு.

"நகுல், சாப்பிட வரயாடா?"

ஷ்ருதி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, "அஞ்சு நிமிஷம்மா," என்றாள்.