யாரும் தொடாத கம்பி

மாயவனுக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது என்று கடப்பாக்கத்தில் கேலி பேசுவார்கள். அது பொய். அவன் அண்ணன் சடையன், செங்கல்பட்டுப் பக்கம் ஒரு அரிசி மில்லில், மோட்டாரைத் தொட்டுச் செத்த அன்றைக்குத்தான் அது பிறந்தது. அந்த மோட்டாருக்கு எர்த் கம்பியே கிடையாது. ஆஸ்பத்திரியில் அறுத்துக் கட்டிக் கொடுத்த உடலை ஊருக்குக் கொண்டுவர வழியில்லாமல் அங்கேயே புதைத்துவிட்டார்கள். காரியம் என்று ஒன்றும் நடக்கவில்லை. எள்ளும் தண்ணீரும் இறைக்க ஓர் ஆள் இல்லை. மாயவன் அப்புறம் வலையைத் தொடவில்லை, வயர்மேன் வேலைக்குப் போனான். மீன் பிடிக்கிற வூட்டுப் பிள்ளைக்கு இன்னா புத்தி இது என்று அம்மா தனக்கோடி தலையில் அடித்துக்கொண்டாள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரம் இருந்த முதியோர் இல்லத்துக்குத் தை பிறந்தால் சோதனைக்குப் போகிறவன் அவன்தான். சுவிட்சு, பிளக், ஃபேன் என்று ஒன்றையும் நம்பமாட்டான். கிணற்றடி மோட்டாரிலிருந்து கொல்லைச் சுவர் வரை தலைக்கு மேலே போய், அங்கே கரியும் உப்பும் போட்ட குழிக்குள் இறங்கிய எர்த் கம்பி அவனுக்குக் குலசாமி மாதிரி. மோட்டாரில் கரண்ட் கசிந்தால் ஆளை விட்டுவிட்டு மண்ணுக்கு இழுத்துக்கொண்டு போவது அதுதான். முதல் தடவை வந்தபோதே பெரியவர்களையெல்லாம் கூட்டி நிறுத்தி, "இந்தக் கம்பிய ஒருத்தரும் தொடக்கூடாது. தொட்டீங்க, அவ்ளோதான்" என்று மிரட்டிவிட்டுப் போனான். அத்தனை பேரும் நடுங்கிப் போனார்கள்.

எழுபத்து நாலாம் வருஷத் தையில் மோட்டாரைப் போட்டுவிட்டு அதன் மேல் டெஸ்டரை வைத்தான். சிவப்பாக எரிந்தது, கரண்ட் கசிகிறது. கம்பி போன வழியே கொல்லைக்கு ஓடினான். சுவரில் பதித்த மரக்கட்டையோடு கம்பி நின்றுபோயிருந்தது. குழிக்கு இறங்குகிற இடத்தில் துருப்பிடித்து அறுந்திருந்தது. டெஸ்டர் அந்தக் கம்பியிலும் எரிந்தது. காக்க வேண்டிய கம்பியே எமனாகத் தொங்குகிறது. அதன் மேல் ஒன்பது கஜப் புடவை ஒன்று ஈரம் சொட்டக் காய்ந்துகொண்டிருந்தது.

ஓடிப்போய் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கத்தினான். "யாரு இத இங்க போட்டது? அறிவு கீதா?"

மூங்கில் கோலும் கையுமாகப் பெருந்தேவி வந்தாள். எழுபது வயதைத் தாண்டிய விதவை, மடி ஆசாரத்தில் இம்மியும் பிசகாதவள், துவைத்த புடவையில் பிறர் கை பட விடாதவள். "நான்தாம்ப்பா. நீதானே சொன்னே, இதை ஒருத்தரும் தொடப்படாதுன்னு? ஒருத்தரும் தொடலை. மடியா உலர்த்த இந்த இடத்தில வேற கொடி ஏது? நானும் கோலாலதான் போடறேன், எடுக்கறேன்."

இத்தனை நாளும் அவள் உயிரைப் பிடித்து வைத்திருந்தது அந்தக் காய்ந்த மூங்கில். அவளை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது இவன் வாய். தினமும் ஈரப் புடவை இழுத்த இழுப்பில் கம்பி அறுந்திருக்கிறது.

அறுந்த முனையைப் பார்த்ததும் அவளுக்கும் புரிந்துவிட்டது. மேனேஜர் வெங்கடராகவனுக்கு அவள் மடி ஏற்கெனவே தலைவலி. இன்னொரு வம்பு வந்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று சொல்லிவைத்திருந்தார். "அவர்கிட்ட சொல்லிடாதேப்பா," என்றாள். "எனக்குப் போக்கிடம் இல்லை."

மாயவனுக்குக் கோபம் ஆறவில்லை. இன்னொரு பிணம் விழுந்திருக்கும். அதற்குள் சத்தம் கேட்டு மேனேஜரே வந்துவிட்டார்.

"எப்படி அறுந்துது மாயவா?"

அவன் கிழவியைப் பார்த்தான். "உப்புக் காத்து சார். கடலாண்ட இரும்பு எத்தினி நாள் நிக்கும்?"

சோதனைக்குப் போன இடத்தில் அவன் சொன்ன ஒரே பொய் அது. அதுவும் பாதிப் பொய்தான்.

மோட்டாரைக் கழற்றி அனுப்பினான். புதுக் கம்பியைக் குழாய்க்குள் விட்டு மண்ணில் புதைத்தான். பெருந்தேவி அறைக்குள் ஒரு மூங்கிலைக் கொடியாகக் கட்டித் தொங்கவிட்டான். அவன் கை பட்ட தோஷத்துக்கு அவன் கண்ணெதிரிலேயே அதன் மேல் தண்ணீர் தெளித்தாள். சரியான கிழவி என்று அவனுக்குச் சிரிப்பு வந்தது.

கிளம்பும்போது, "குழி காஞ்சி பூட்ச்சின்னா கம்பி வேலைக்காவாது. தெனம் ஒரு கொடம் தண்ணி ஊத்தும்மா," என்றான்.

"இந்த வயர் விஷயத்தில உனக்கு ஏன்ப்பா இத்தனை பதட்டம்?"

சொன்னான். அண்ணன் பேரை, மில்லை, காரியம் நடக்காததை எல்லாம். வெளி ஆளிடம் அவன் இதைச் சொன்னதே இல்லை. அவள் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறு தையில் காலையிலேயே போய்விட்டான். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நின்று சாமான்களை எடுத்துக்கொண்டிருந்தபோது, பெருந்தேவியின் அறைத்தோழி பர்வதம் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "பெருந்தேவி, காப்பி ஆறிண்டிருக்கு."

"செத்த இரு. சடையனுக்கு இன்னும் தண்ணி விடலை."

எட்டிப் பார்த்தான். குளித்த ஈரத்தோடு அவள் குழியண்டை குனிந்து, குடத்துத் தண்ணீரைக் கையில் ஏந்தி ஏந்தி விட்டுக்கொண்டிருந்தாள். மாயவன் கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவள் குடத்தைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போகும்வரை அவன் சோதனையை ஆரம்பிக்கவில்லை.